கைவைக்காத அழகு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் என் மதினிக்கும் ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, விடியற்காலையில் கிளம்பி எங்காவது போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். பெரிய ஏற்பாடு கிடையாது. முதல்நாள் இரவே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். காலையில் சாதத்தை வடித்துக் கிளறி வாழையிலையில் மடித்துக்கொள்வோம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான். மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு மலை உண்டு, மலையடியில் ஒரு கண்மாய் உண்டு, கண்மாய்க் கரையில் ஓர் அய்யனார் உண்டு.

தூரத்து யாத்திரைகளும் போயிருக்கிறேன். அவற்றில் பார்த்தது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஊர் திரும்பி, அழுக்குத் துணியை ஊறப்போட்டு, பிரசாதத்தைப் பங்கிட்டு முடிப்பதற்குள் பாதி மறந்துபோகிறது. ஒருநாள் பயணம் அப்படியில்லை. காலையில் பார்த்த கண்மாயும் ராத்திரி வீட்டில் நடக்கும் பேச்சும் ஒரே நாளுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பேரனுக்குத் தோசை வார்க்கும்போது, காலையில் யாரோ ஒரு கிராமத்துப் பெண் சொன்ன வார்த்தை மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடவிட்டுத்தான் சில விஷயங்கள் எனக்குப் பிடிபட்டன.

அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். நாம் ஆசையாகப் போய்ப் பார்க்கிற அழகான இடங்கள் பலவற்றுக்குப் பின்னால், தங்கள் கையை அடக்கிக்கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது. செய்யாமல் விட்டதுதான் மரமாகவும் பறவையாகவும் பாறையாகவும் நம் முன்னால் நிற்கிறது.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இதன் இரண்டு பக்கத்தையும் ஒரே பஸ்ஸில் பார்த்துவிடலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரைச் சொல்கிறேன். கீழவளவு வட்டாரத்தில் கிரானைட் வெட்டிய குன்றுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை என்றால் நம் கண்ணுக்கு ஒரு வளைவு பழக்கம். அங்கே வளைவே கிடையாது. நூல் பிடித்து அறுத்த நேர்க்கோடுகள், படிப்படியாக இறங்கும் பள்ளங்கள், அடியில் பச்சை பிடித்துத் தேங்கிய தண்ணீர். 2012இல் முறைகேடுகள் வெளியே வந்து குவாரிகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தியதால் மிச்ச மலை பிழைத்தது. வெட்டிய மலை வெட்டியதுதான். அதே ஊரில், அறுபடாமல் நிற்கும் பஞ்சபாண்டவர் மலையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. ஒரே பாறை, ஒரே வெயில், ஒரே மழை. ஒன்று இருக்கிறது, மற்றொன்று இல்லை.

அந்தச் சாலையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவிக்கப்பட்டது. பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர். பெரிய பரப்பு என்று சொல்ல முடியாது. சரணாலயம் என்ற பெயரைக் கேட்டு ஏதோ அடர்ந்த காட்டை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஊரை ஒட்டிய சாதாரணக் கண்மாய்தான். தண்ணீருக்குள் நாட்டுக்கருவேல மரங்கள் நிற்கும், கரையில் ஆடு மேயும்.

முதலில் எட்டுவது வாடை. எச்சத்தின் காரமான நெடி மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பிறகு கண் தெளியும். மரத்தின் மேல்கிளைகள் வெள்ளையடித்துக் கிடக்கும். நத்தைக்குத்தி நாரை, வக்கா, சாம்பல் நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். தூரதேசத்துப் பறவைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே கூடுகட்டுபவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுக்குள்ளேயே மழையையும் தண்ணீரையும் பார்த்து இடம் மாறுகிறவைதான். வளர்ந்த நத்தைக்குத்திக்குக் குரல் என்று பெரிதாக எதுவும் இல்லை, அலகைத் தட்டித்தான் ஒலி எழுப்பும். நாம் கேட்கிற கூச்சலில் முக்கால்வாசி, பசியெடுத்த குஞ்சுகளுடையது. அந்த நாரையின் அலகை நிதானமாகப் பார்க்கவேண்டும். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராது, ஒரு சந்து விட்டிருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். வயல் வரப்பில் கிடந்த நத்தை ஓடுகளை மதினி பொறுக்கிப் பார்த்தார். பல ஓடுகள் முழுசாக இருந்தன. உள்ளே இருந்த சதையை மட்டும் உருவித் தின்றுவிட்டு ஓட்டை அப்படியே விட்டிருந்தது பறவை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் எங்களிடம் வந்து பேசினார். “எங்கிட்டு இருந்து ஆத்தா வாரீக?” என்று ஆரம்பித்த பேச்சு, பிள்ளைகுட்டி, விலைவாசி எல்லாம் சுற்றிக்கொண்டு பறவைகளுக்கு வந்தது. கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. பறவைகள் வந்திறங்கிக் கூடு பார்க்கும் பருவமும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. வெடிச்சத்தம் கேட்டால் அவை கலைந்து போய்விடும் என்று, பல தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு மட்டுமல்லாமல் கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும்கூட வேட்டுப் போடுவதில்லை. அதற்காக வனத்துறை தீபாவளிதோறும் அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. இதெல்லாம் நானும் பத்திரிகையில் படித்ததுதான். ஆனால் அந்தக் கரையில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

“பறவைகளுக்காக ஊர்ல வேற என்னவெல்லாம் செய்றீங்க?” என்று மதினி கேட்டார்.

“நாங்க என்னத்தச் செஞ்சோம்? ஒண்ணும் செய்யலையே. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது.”

“மழை பொய்த்த வருஷம் பறவை வராதே, அந்த வருஷமாவது பிள்ளைகள் வெடி போடலாமில்ல?”

அந்தப் பெண் மதினியை ஒரு நிமிஷம் பார்த்தார். “போட்டுப் பழகிட்டா, அடுத்த வருசம் விடுவாகளா?” என்று சொல்லிவிட்டு ஆட்டை முடுக்கப் போய்விட்டார்.

இதை நான் வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தையின் கையிலிருந்து சரவெடியை வாங்கி வைப்பது சின்னக் காரியமில்லை. அடுத்த ஊரில் வானம் முழுக்க வாணம். இந்த ஊரில் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி வருஷா வருஷம், தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுத்தது ஒன்று சேர்ந்துதான் நாம் பைனாகுலர் வைத்துப் பார்க்கிற அந்த மரங்கள். அதைச் செய்தவர்களைக் கேட்டால் ‘ஒண்ணும் செய்யலையே’ என்கிறார்கள். அவர்கள் அடக்கத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர்கள் கணக்கில் அது ஒரு காரியமாக ஏறவில்லை.

வேடந்தாங்கல் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்கார சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம், அதனால்தான் காப்பாற்றினார்கள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். லாபம் இருந்ததால் அந்த அடக்கம் குறைந்துவிடாது. சுட்டுத் தின்றால் அன்றைக்கே லாபம். விட்டுவைத்தால் என்றைக்கோ, யாருக்கோ, வயலில் இறங்கும் தண்ணீர் வழியாக லாபம். அந்த இரண்டாவது லாபத்துக்குக் காத்திருக்க ஒரு மனசு வேண்டும்.

நத்தம் பக்கம் காசம்பட்டியில் வீரகோவில் காடு இருக்கிறது. சுற்றிலும் மாந்தோப்புகள், நடுவில் இந்தக் கோயில்காடு. மொத்தமே 4.97 ஹெக்டேர். 2025இல் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரசு வந்து பலகை வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே சாமி அந்த மரங்களைக் காத்துக்கொண்டிருந்தது. நம் கோயில்காடுகள் பலவற்றிலும் கேட்கிற கட்டளை ஒன்றுதான்: விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துப் போகாதே. படித்த பிள்ளைகள் இதைப் பயம் என்கிறார்கள். பயமும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விறகு விலைக்கு விற்ற காலத்திலும், வீட்டில் அடுப்பெரியாத நாளிலும், காலடியில் கிடந்த காய்ந்த சுள்ளியைத் தாண்டி நடந்தவர்களைப் பயந்தவர்கள் என்று மட்டும் சொல்லிவிட என் மனசு ஒப்பவில்லை.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வரும்.

அவர் சமையலுக்குப் பேர் போனவர். அவர் அயிரைமீன் குழம்பு வைத்தால் தெருமுனையில் வருகிறவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போனபோது எனக்கு ரசம்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. முதல் வாரமே அடுப்படியை என்னிடம் விட்டுவிட்டு அவர் முன்கட்டில் உட்கார்ந்துகொண்டார். முருங்கைக்கீரை உருவுவார், அரிசியில் கல் பொறுக்குவார், பூ கட்டுவார். புளி கொதிக்கும் வாடையிலேயே, கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லக்கூடிய மூக்கு அவருக்கு. கடுகு கருகினால் முன்கட்டு வரை தெரியும். ஆனால் அவர் எழுந்து வரமாட்டார். நான் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் இல்லை. அவர் இருந்த காலம் முழுக்க, நான் வைத்த குழம்புச் சட்டியின் மூடியை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் அவர் செய்ததைச் சொன்னார்கள். இத்தனை பேருக்குக் கல்யாணம் செய்து வைத்தார், தெருவில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் போய் நின்றார், கடன் வாங்காமல் வீடு கட்டினார். எல்லாம் உண்மை. அந்த மூடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்? செய்ததற்குச் சாட்சி இருக்கும், செய்யாததற்குச் சாட்சி ஏது? ஆனால் நான் அந்த வீட்டில் வேர் பிடித்தது அந்தத் திறக்காத மூடியால்தான். கருகிய கடுகோடும் தூக்கலான உப்போடும் நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள அவர் இடம் விட்டார். கைப்பக்குவம் நிறைந்த ஒருவர், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று, நானே மாமியாராகிய பிறகு தினமும் பார்க்கிறேன்.

ஆனால் இது பாதிதான். மீதிப் பாதியை நான் அரிட்டாபட்டியில் பார்த்தேன்.

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், ஊற்றுகள், குளங்கள், சுனைகள். லகுடு வல்லூறு பாறை இடுக்கில் குடும்பம் நடத்துகிறது, தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன. இடைச்சி மண்டபம் என்று ஊரார் சொல்லும் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று, பாறையைக் குடைந்து எடுத்தது. அங்கிருந்து நடந்தால் கழிஞ்சமலையில் சமணர் குகை. குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழே தமிழியில் எழுதியிருப்பது, அந்தக் குகையைச் செய்து கொடுத்தவர்களின் பெயர். அதில் படுத்து எழுந்து, ஓர் எறும்பையும் மிதிக்காமல் நடக்கப் பாடுபட்ட துறவிகளின் பெயர் அந்த எழுத்தில் இல்லை. அதைப் படித்துச் சொன்னபோது மதினி, “கொடுத்தவன் பேரு நின்னுடுச்சு, இருந்தவன் பேரு போயிடுச்சு பாருங்க” என்றார். போனால் என்ன, அவர்கள் இருந்த இடம் நிற்கிறது.

அப்படி நின்ற இடத்துக்கு ஆபத்து வந்தது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வெளியானது. சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் எழுந்தன. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குத் திரண்டு நடந்து வந்தார்கள். அதில் என்னைவிட மூத்த பெண்கள் எத்தனையோ பேர். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

தலைமுறை தலைமுறையாக மலையைத் தொடாமல், அதைப் பற்றிப் பெரிதாகப் பேசாமல் இருந்த அதே மனிதர்கள்தான் தார்ச்சாலையில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். கைவைக்காமல் இருப்பது வேறு, கைகட்டி நிற்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்குவதையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நம் வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் மாமியாரும் கைகட்டி நின்றவரில்லை. ஒரு விசேஷத்தில், கூடியிருந்த உறவுக்காரர்கள் நடுவில் ஒருவர் என் கழுத்தையும் கையையும் பார்த்து, பிறந்த வீட்டில் என்ன போட்டார்கள் என்று எடை போடுகிற பேச்சை ஆரம்பித்தார். குழம்புச் சட்டியைத் திறக்காத அந்த அம்மா, பந்தி நடுவில் நிமிர்ந்து நின்று, “அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை.

எப்போது பேசுவது, எப்போது விடுவது? அரிட்டாபட்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மதினி இதைத்தான் கேட்டார். அவர் மகன் பேரனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மதினிக்கு ஒரு கருத்து இருந்தது, சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. கீழவளவில் பார்த்த குன்றுகளை நினைத்துக்கொண்டேன். வெட்டினால் திரும்ப வளருமா, வளராதா? அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. உப்புக் கூடிய குழம்பு நாளைக்குச் சரியாகிவிடும். ஒத்துவராத பள்ளிக்கூடத்தை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்கு நமக்குப் பிடிக்காத நிறம் அடித்தால் அதற்கும் ஒருநாள் வேறு நிறம் வரும். இதற்கெல்லாம் நாம் மூடியைத் திறக்கவேண்டியதில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணைக் குறைத்துப் பேசினால், பரீட்சையில் தோற்ற பிள்ளையை ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்றால், அண்ணன் தம்பிக்குள் பத்திரத்தில் ஒரு பொய்யை எழுதினால், அது அறுத்த பாறை. அங்கே மூத்தவர்கள் எழுந்து நிற்கவேண்டும். நின்றே தீரவேண்டும். மதினி பள்ளிக்கூட விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. பேரன் எங்கே சேர்ந்தான் என்பது இங்கே தேவையில்லை, நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் காலத்துப் பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் கையை அடக்குவது முன்பைவிடக் கஷ்டம். செல்போன் கைக்குள்ளேயே இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளிடம் காலையில் என்ன சமைத்தாய், மத்தியானம் என்ன சமைத்தாய், குழந்தைக்குச் சளிக்கு என்ன கொடுத்தாய் என்று நாள் முழுக்க மூடியைத் திறந்துகொண்டே இருக்கலாம். அன்பினால்தான் திறக்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்மாய்க்குள் இறங்கிக் கூட்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பறவை மேல் வெறுப்பு எதுவும் கிடையாது.

கொள்ளுகுடிப்பட்டிக்குப் போக நினைப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷமாகப் பார்த்து, நவம்பர் கடைசிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போகலாம். விடிந்த கையோடு போய்ச் சேர்ந்தால் இரைக்குக் கிளம்புவதையும், சாயங்காலம் வரை இருந்தால் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதையும் பார்க்கலாம். நடுவில் வேறு நாலு இடத்துக்கு ஓட நினைக்கவேண்டாம், ஓர் இடம் போதும். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள், காகிதமும் பாட்டிலும் கையோடு திரும்பி வரட்டும். குழந்தைகளைக் கூட்டிப் போனால், ‘சத்தம் போடாதே’ என்று நீங்கள் அதட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் யாராவது கரையில் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்க விடுங்கள். எந்த மரத்தில் குஞ்சு பொரித்திருக்கிறது, எந்த இடத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள்.